சமத்து அடைத்த ஓட்டை

“உனக்குப் பயமில்லாத விஷயம்னு ஏதாவது ஒண்ணு இருக்காடி?” என்று அண்ணி ஒருமுறை கேட்டாள்.

தொலைபேசி மணி அடித்ததற்கு இவள் கையிலிருந்த தட்டை நழுவவிட்ட நாள் அது. அண்ணி கேட்டது கேலிக்குத்தான். பதிலுக்குக் காத்திராமல் துடைப்பம் எடுத்துவரப் போய்விட்டாள். இவள்தான் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒவ்வொன்றாக மனதுக்குள் தள்ளிப் பார்த்தாள். தொலைபேசி, பயம். லிஃப்ட், பயம். முன்பின் தெரியாதவர்கள் வழி கேட்டால் பயம். நாலு பேர் நடுவில் எழுந்து வாய் திறப்பதைச் சொல்லவே வேண்டாம். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் புத்தகத்து எழுத்தெல்லாம் தண்ணீரில் விழுந்ததுபோல் ஆடும். அதனாலேயே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவள். எல்லாவற்றையும் தள்ளியபின் ஒன்று மிஞ்சியது. அலுவலகத் திரையில் இருக்கும் புள்ளிகள். அவற்றிடம் மட்டும் அவளுக்குப் பயம் கிடையாது.

அலுவலகம் என்பது ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே மேசை அதிரும். கட்டடங்களை லேசர் கருவியால் அளந்து கொடுப்பது தொழில். ஆட்கள் மூன்றே பேர்: முதலாளி, கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அளந்து வருகிற நெட்டை, பிறகு இவள். இவளுக்குப் பூனை என்று பெயர் வைத்தது நெட்டைதான். நடந்தால் சத்தம் வராது, கூப்பிட்டால் மேசைக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்வாள்போல் முழிப்பாள் என்பது அவன் சொன்ன காரணம்.

நெட்டையின் கருவி முக்காலியில் உட்கார்ந்து ஆந்தைபோலத் தலையைச் சுற்றும். சுற்றிக்கொண்டே கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும். ஒளி எங்கெல்லாம் போய் இடிக்கிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி. அப்படிக் கோடிக்கணக்கில் புள்ளிகள். திரையில் திறந்தால் ஓர் அறை முழுக்கத் தூசியாகி, ஆனால் கீழே விழாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும். குறுக்கே யாராவது நடந்திருந்தால் அவர் ஒரு புகைக்கோடாக விழுந்திருப்பார். அந்தக் கோட்டை வழித்தெடுப்பதும், வேண்டாத புள்ளிகளைத் துடைப்பதும், மிச்சத்தைக் கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியாக மாற்றுவதும் பூனையின் வேலை. எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருக்கலாம். அவளுக்கு அதைவிடப் பெரிய வரம் வேண்டியிருக்கவில்லை.

புள்ளி வெறும் புள்ளிதான், அதைச் சுவர் என்று சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை மூன்று மூன்றாகக் கோத்து, குட்டிக் குட்டி முக்கோணங்களாக்கி வலை பின்னினால்தான் அது சுவராகும், தரையாகும், கூரையாகும். அந்த வலையைப் பின்னுவது மென்பொருள். அலுவலகத்தின் பழைய மென்பொருள் பழைய கணினியோடு சேர்ந்து மண்டையைப் போட்டுவிட்டது. புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும்.

“மூணு கம்பெனிக்காரனும் முப்பது நாள் சும்மா ஓட்டிப் பாக்கக் குடுத்திருக்கான்” என்றார் முதலாளி. “மூணையும் ஒரே வேலையில ஓட்டிப் பாரும்மா. எது தேறுதோ அதை வாங்கிடலாம். நீ சொல்றதுதான்.”

“நானா சார்?”

“பின்னே நெட்டையா? அவனுக்கு முக்காலியைத் தவிர எதையும் விரிக்கத் தெரியாது.”

“காதுல விழுது சார்” என்றான் நெட்டை அடுத்த அறையிலிருந்து.

“விழட்டும்னுதான்டா சொன்னேன்.”

நீ சொல்றதுதான். அந்தச் சொல்லை யாரும் அதுவரை அவளிடம் சொன்னதில்லை.

சோதனைக்குக் கிடைத்த வேலை ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். அவளுடைய அண்ணி வேலை பார்க்கிற இடம். கீழ்த்தளத்தில் துணி பிரிக்கும் அறை. வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளை எட்டுப் பெண்கள் பிரித்து, துவைத்து வந்ததை மடிப்பார்கள். மேல்தளம் காலியாகக் கிடந்தது. அங்கே இரண்டு ராட்சத சலவை இயந்திரங்களை ஏற்றப்போகிறார்கள். மேல்தளத்துத் தரையில் மரப்பலகை அடித்திருந்ததால் அடியில் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. கீழே இருந்து பார்த்தால், கூரையை ஒட்டி ஓர் அகலமான தகரக் குழாய் சுவரிலிருந்து சுவர்வரை ஓடி மறைத்தது. ஆவியை வெளியே தள்ளும் குழாய். கூரை மட்டமாக இருக்கிறதா, எங்கேயாவது தொய்ந்திருக்கிறதா என்று கட்டடப் பொறியாளருக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் மாதிரி.

மூன்று மென்பொருளுக்கும் அவளே செல்லப் பெயர் வைத்துக்கொண்டாள். முதலாவது கிழவர். எதைக் கொடுத்தாலும் முனகி, திணறி, பாதியில் மயங்கி விழுந்துவிடும். இரண்டாவது வீம்பு. புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் வலை பின்னும்; இல்லாத இடத்தில் ஓட்டையை அப்படியே கந்தலாக விட்டுவிட்டு, ‘இருநூற்றுப் பதினான்கு ஓட்டைகள் உள்ளன, என்ன செய்ய?’ என்று ஒவ்வொன்றுக்கும் நின்று கேட்கும். பதில் சொல்லிச் சொல்லியே பொழுது போய்விடும். மூன்றாவது சமத்து. எதையும் கேட்காது. தூசியைத் தானே தட்டி, ஓட்டையைத் தானே அடைத்து, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முழு அறையையும் பூசி மெழுகிக் கொடுத்துவிடும்.

முதலாளி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது சமத்து வேலை முடித்த நேரம் பார்த்துத்தான்.

“அட! பளிங்கு மாதிரி இருக்கே. இதானே நல்லது?”

வீம்பைப் பற்றி அவள் இரண்டு வரி குறித்து வைத்திருந்தாள். ஓட்டை இருப்பதைச் சொல்கிறதே, அது நல்லதில்லையா என்று. அதை எடுத்துச் சொல்ல நாலு வாக்கியம் பேச வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். தலையாட்டுவது சுலபம். ஆட்டிவிட்டாள். அன்றிலிருந்து வந்த வேலைகளையெல்லாம் சமத்திலேயே ஓட்டினாள்.

மாதிரி பொறியாளருக்குப் போனது. கூரை மட்டமாக இருக்கிறது, இயந்திரத்தை ஏற்றலாம் என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிரேன்.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி வெளியூர் கிளம்பும் அவசரத்தில் ஒரு வேலை சொன்னார். “நாளைக்கு அதை வாங்கிடறேன். ஏன் இதை எடுத்தோம்னு ஒரு பக்கம் எழுதி வை. பக்கத்துல பக்கத்துல ரெண்டு படம் போடு. கணக்குப் பாக்கறவர் கேப்பார்.”

அதற்காகத்தான் அவள் நெட்டையின் மூலப் புள்ளிகளைத் திறந்து, அவற்றின்மேல் சமத்து பின்னிய வலையைப் போர்த்தினாள். புள்ளிகளுக்குச் சிவப்பு, வலைக்குச் சாம்பல். அறையைத் தலைகீழாகத் திருப்பினாள். கூரை கீழே வந்தது. குழாயைத் திரையிலிருந்து மறைத்துவிட்டு அதன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

ஒன்றுமில்லை. சுவரிலிருந்து சுவர்வரை, இரண்டு கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. குழாய் மறைத்த இடத்தைக் கருவி பார்க்கவேயில்லை. அங்கே சாம்பல் வலை மட்டும் இஸ்திரி போட்ட துணிபோல மடிப்பில்லாமல் கிடந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அந்த இருட்டின் இரண்டு கரையிலும் சிவப்புப் புள்ளிகள் கொஞ்சம் இருந்தன. அறையின் நடுப்பகுதியில் அவை வலையோடு ஒட்டாமல் தரைப் பக்கமாக இறங்கியிருந்தன. ஒரு சுண்டுவிரல் அளவு. பிறகு ஒரு கட்டைவிரல் அளவு. அப்புறம் இருட்டு. சமத்து அவற்றைத் தூசி என்று தட்டிவிட்டு, தள்ளி இருந்த மட்டமான புள்ளிகளைப் பிடித்து நேராக ஒரு பாலம் போட்டிருந்தது.

வீம்பு செய்துவைத்த பழைய கோப்பைத் திறந்தாள். அதில் அந்த ஓட்டை கந்தலாகவே இருந்தது. அதன் உதடுகள் இரண்டும் கீழ்நோக்கித் தொங்கின.

கீழே டயர் கடையில் காற்று இயந்திரம் ஓடியது. மேசை அதிர்ந்தபோது அவள் தன்னையறியாமல் தலைக்குமேலே பார்த்தாள்.

நெட்டையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து, கண்ணைச் சுருக்கி, திரையை நெருங்கிப் பார்த்தான்.

“ஆவியா இருக்கும் பூனை.”

“ஆவியா?”

“பேய் இல்ல, வெந்நீர் ஆவி. அன்னிக்கு உள்ள குளியலறை மாதிரி இருந்துது. ஆவியில பட்டா லேசர் பாதி வழியிலேயே திரும்பிடும். புள்ளி கீழ விழுந்த மாதிரிதான் காட்டும். நீ எத்தனை தடவை தொடச்சிருக்கே?”

“ஆவின்னா எல்லாப் பக்கமும் சிதறி இருக்கும் அண்ணா. இது வரிசையா எறங்குது.”

நெட்டை மறுபடி பார்த்தான். தாடையைத் தேய்த்துக்கொண்டான். “குழாய்க்குப் பின்னால ஏணி போட்டு ஒரு தடவை சுத்தியிருக்கணும். துணி மூட்டை வழி பூரா அடுக்கி வெச்சிருந்தாங்க. நகத்தச் சொல்லி யார் சண்டை போடறது? மென்பொருள் பாத்துக்கும்னு விட்டுட்டேன்” என்றவன், குரலைத் தாழ்த்தி, “சார்கிட்ட சொல்லிடு” என்றான்.

“நீங்க சொல்லுங்களேன்.”

“தேர்ந்தெடுத்தது நீதானே?” அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் அது முள்போல் போய்த் தைத்தது.

முதலாளியின் எண்ணை அழுத்துவதற்குள் மூன்று முறை தப்பாக அழுத்தினாள். அவர் காரில் இருந்தார். இரைச்சலுக்கு நடுவே அவள் சொன்னதில் பாதிதான் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த பாதியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

“ஏம்மா, நீதானே நல்லாருக்குன்னு சொன்னே? இப்ப வந்து ஆவி பூதம்னா எப்படி? குடுத்த மாதிரியைத் தப்புன்னு நாமளே சொன்னா நாளைக்கு எவன் வேலை குடுப்பான்? நான் காலைல நேரா அங்கேயே வந்துடறேன். வந்து பேசிக்கறேன். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே.”

வாயைத் திறக்காதே. வாழ்நாள் முழுக்க அவள் கேட்க ஆசைப்பட்ட உத்தரவு. இப்போது அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் அண்ணி குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அண்ணன் இன்னும் வரவில்லை. இவள் வாசல்படியிலேயே நின்றுகொண்டு, “அண்ணி, நாளைக்கு லீவு போடுங்களேன்” என்றாள்.

“எதுக்கு? உன்னைப் பொண்ணு கேட்டு யாராவது வர்றாங்களா?”

“சும்மா.”

“சும்மா லீவு போட்டா எங்க சூப்பர்வைசர் என்னையும் விரிப்போட சேத்து மெஷின்ல போட்டுடுவா.” அண்ணி சீப்பால் குழந்தையின் காதோரத்தை வகிர்ந்தாள். “நாளைக்குப் பெரிய மெஷின் வேற வருது. வேடிக்கை பாக்கணும். யானைக்குட்டி மாதிரி தொங்கிக்கிட்டே மேல போகுமாம்.”

“மேல போனா கீழ நிக்காதீங்க அண்ணி.”

“கீழ நிக்காம? என் வேலையே கீழதானடி.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“உனக்கு எப்பத்தான் பயமில்ல? கரண்டி கீழ விழுந்தா கூரை விழுந்த மாதிரி குதிப்பே.” அண்ணி சிரித்தாள். அப்புறம் இவள் முகத்தைப் பார்த்து, சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, “என்னடி, நிஜமாவே வெளுத்துப் போயிருக்கே? காய்ச்சலா?” என்று புறங்கையால் கழுத்தைத் தொட்டாள்.

சொல்ல வேண்டியது அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. ஆவியாக இருந்தால்? ஒரு தகரக் குழாய்க்குப் பின்னால் ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டு ஒரு தொழிலையே கவிழ்த்தவள் ஆகிவிட்டால்? மென்று விழுங்கினாள்.

காலையில் அண்ணி செருப்பு மாட்டும்போது இவளும் மாட்டினாள்.

“நீ எங்க வர்றே?”

“குழாயைப் பாக்கணும். ஆபீஸ் வேலை.” இரண்டும் உண்மைதான்.

சலவைக்கூடத்துக்குள் நுழைந்ததும் வெக்கை முகத்தில் ஈரத்துணிபோல் ஒட்டியது. சோப்பும் மருந்தும் கலந்த நெடி. சக்கர வண்டிகளில் வெள்ளை விரிப்புகள் குவிந்திருந்தன. பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று விரிப்பின் நாலு முனையையும் பிடித்து உதறினார்கள். ஒவ்வொரு உதறலும் அவள் காதில் ஏதோ உடைவதுபோல் விழுந்தது.

“இது யாரு, புதுசா?” என்றாள் ஒருத்தி.

“என் நாத்தனார். கம்ப்யூட்டர்ல உங்களையெல்லாம் புள்ளி புள்ளியா வெச்சிருக்கா. ஒழுங்கா இருங்க, இல்லேன்னா தொடச்சி விட்டுடுவா” என்றாள் அண்ணி.

எல்லோரும் சிரித்தார்கள். இவள் ஏணியைத் தேடி எடுத்து, சுவரோரமாகச் சாய்த்து ஏறினாள். திரையில் நூறு முறை சுற்றி வந்த அறை. திரையில் அது கனமில்லாத தூசி. இங்கே அந்தக் கூரைக்கு ஓர் எடை இருந்தது; அது தன் உச்சந்தலைக்கு ஒரு முழம் மேலே இருப்பதை முடியின் வேர்வரை உணர முடிந்தது.

குழாய்க்கும் கூரைக்கும் இடையில் இருந்த சந்தில் கையைத் தட்டையாக விட்டாள். நாலு விரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ அவ்வளவு இடைவெளி. மாதிரியில் இருந்ததும் அதுதான், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே சீராக. ஒரு மூச்சு விட்டாள். இறங்கி, ஏணியைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி ஏறினாள். மூன்று விரல்தான் போயிற்று.

கை வீங்கியிருக்கிறதோ என்று முட்டாள்தனமாக ஒரு நினைப்பு வந்தது. மறுபடி இறங்கினாள். நகர்த்தினாள். ஏறினாள். இரண்டு விரல். சுண்ணாம்புத் தூள் நகக்கண்ணில் ஏறியது. அண்ணி கீழிருந்து, “என்னடி, எலி பிடிக்கிறியா?” என்று கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. அடுத்த இடத்தில் ஒரு விரல், அதுவும் நகம் சிராய்த்துக்கொண்டு.

அறையின் நடுவில் விரலே போகவில்லை. கூரை குழாயின்மேல் உட்கார்ந்திருந்தது. தகரம் அந்த இடத்தில் லேசாக உள்வாங்கியிருந்தது, தலையணையில் தலை வைத்த பள்ளம்போல. விரல் நுனியில் ஓர் அதிர்வு வந்தது. வெளியே முற்றத்தில் கிரேன் உறுமத் தொடங்கியிருந்தது.

ஏணியின் படி ஒவ்வொன்றையும் காலால் துழாவித்தான் இறங்க முடிந்தது. மணி பத்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது. முதலாளி வந்திருக்கவில்லை.

“அண்ணி, எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க.”

“சொன்னா வருவாங்களா? சூப்பர்வைசர்...”

“வெளிய வரச் சொல்லுங்க!”

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அண்ணி மற்றவர்கள் பக்கம் திரும்புவதற்குள் இவள் முற்றத்துக்கு ஓடினாள்.

முதல் இயந்திரத்துக்குப் பட்டை கட்டி முடித்துவிட்டார்கள். அது தரையைவிட்டு ஒரு சாண் உயர்ந்து மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. வெள்ளைத் தலைக்கவசம் போட்ட பொறியாளர் அம்மா கையை உயர்த்தி ஓட்டுநருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஆறேழு பேர். ஒன்பதாம் வகுப்பே மறுபடி எழுந்து நின்றதுபோல் இருந்தது. எல்லா முகமும் இவள் பக்கம் திரும்பியது. காற்றுத்தான் வந்தது, சொல் வரவில்லை.

அவள் சுண்ணாம்பு அப்பிய கையை நீட்டினாள்.

“என்னம்மா வேணும்? ஓரமா நில்லு, மேல லோடு இருக்கு.”

“கை... போகல மேடம்.”

“எங்க போகல?”

“குழாய்க்கு மேல. சுவரோரத்துல நாலு விரல் போகுது. அப்புறம் மூணு. ரெண்டு. நடுவுல ஒண்ணுகூடப் போகல. கூரை குழாய்மேல உக்காந்திருக்கு.”

பொறியாளரின் உயர்ந்த கை அப்படியே நின்றது. அவர் முகத்தில் இருந்த எரிச்சல் கழுவிவிட்டதுபோல் போயிற்று.

“உள்ள எத்தனை பேர்?”

“எட்டுப் பேர். அதுல எங்க அண்ணியும்.”

“இறக்கு!” என்று கத்தினார் அவர். “கீழ இறக்குய்யா! இன்ஜினை ஆஃப் பண்ணு!”

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. பெண்கள் கையில் விரிப்போடு வெளியே வந்தார்கள். முதலில் வந்தவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் வந்தவர்கள் பொறியாளர் உள்ளே ஓடும் வேகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் வந்தார்கள். சூப்பர்வைசர் மட்டும், “ஆபரேஷன் தியேட்டருக்குப் பச்சைத் துணி போகணும், யார் பதில் சொல்றது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொறியாளர் உள்ளே இருந்தது ஐந்து நிமிடம். வெளியே வந்தபோது அவருடைய விரல்களிலும் சுண்ணாம்பு இருந்தது. ஆஸ்பத்திரி ஆட்களிடம் அறையைப் பூட்டச் சொன்னார், இரும்புத் தூண்கள் வரும்வரை மேலேயோ கீழேயோ ஒரு பூச்சிகூட நடமாடக் கூடாது என்றார். சொல்லி முடிக்கும்போது முதலாளியின் கார் உள்ளே நுழைந்தது.

நின்றிருந்த கிரேனையும் வெளியே நின்ற பெண்களையும் பார்த்தபடியே அவர் வந்தார். வரும்போதே முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டார். “மேடம், ஒண்ணுமில்ல, சின்னப் பொண்ணு ஏதாவது உளறியிருந்தா... அன்னிக்கு உள்ள ஆவி ஜாஸ்தி...”

பொறியாளர் காரின் முன்பக்கத்தில் மாதிரியின் படத்தை விரித்தார். “இதுல குழாய்க்கும் கூரைக்கும் நடுவுல சீரா இடைவெளி காட்டியிருக்கீங்க. நேர்ல இடைவெளியே இல்ல. இதை யார் அளந்தது?”

முதலாளி படத்தைப் பார்த்தார். “அது, மென்பொருள்ல ஏதோ...”

“அளக்கல மேடம்” என்றாள் அவள். இரண்டு பேரும் திரும்பினார்கள். நிறுத்தினால் பிறகு வராது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னாள். “அந்த இடத்தைக் கருவி பாக்கவே இல்ல. பாக்காத இடத்தை மென்பொருள் தானா மட்டமா அடைச்சுடுச்சு. ஓட்டை இருக்குன்னு சொல்ற இன்னொண்ணு எங்ககிட்ட இருந்துது. அது வேணாம், இது போதும்னு தலையாட்டினது நான்தான்.”

முதலாளியின் சிரிப்பு எப்போது உதிர்ந்தது என்று அவள் கவனிக்கவில்லை. இனி டயர் கடைப் படியேற வேண்டியிருக்காது என்று மட்டும் தோன்றியது. வேலை போவது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் பொறியாளர் அதைவிடப் பெரிய ஒன்றைக் கேட்டுவிட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, படத்தை மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

“இதே மென்பொருள்ல வேற எந்த எடத்துக்கெல்லாம் மாதிரி குடுத்திருக்கீங்க?”

முதலாளி அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. எந்த வேலையை எதில் ஓட்டினாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பத்து நாளில் சமத்து எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறது என்று ஒவ்வொரு வேலைக்கும் அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

“மூணு” என்றாள்.

பொறியாளர் பேனாவையும் ஒரு தாளையும் நீட்டினார். அவள் கார்மேல் தாளை வைத்து எழுதினாள். பள்ளிக்கூடத்தின் பின்பக்கப் படிக்கட்டு. தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்கள். பழைய நாடக அரங்கத்தின் பார்வையாளர் மாடம். ஒவ்வொன்றையும் எழுதும்போது அந்த இடத்தின் புள்ளிகள் கண்முன் எழுந்தன. படிக்கட்டுக்கு அடியில் அடுக்கியிருந்த பெஞ்சுகளின் நிழல். தொட்டிக்குக் கீழே புதர் மறைத்த ஒரு தூண். மாடத்தின் அடியில் திரைச்சீலை. எத்தனை இடத்தில் கருவி பார்க்காமல் இருந்தது, எத்தனை இடத்தில் சமத்து தன் பாட்டுக்குப் பூசி மெழுகியது என்று நினைவுபடுத்தப் பார்த்தாள். நினைவு வரவில்லை. அது கேட்டிருந்தால்தானே நினைவு இருக்கும். பேனா தாளில் இரண்டு இடத்தில் ஓட்டை போட்டது.

எழுதி முடித்ததும் பொறியாளர் கை நீட்டுவதற்கு முன்னால் முதலாளி அந்தத் தாளை எடுத்துக்கொண்டார். ஒரு தடவை படித்தார். முதல் வரியை மறுபடி படித்தார். மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இடைவேளை விடுகிற நேரம். அவர் முகம் சலவைக்கூடத்து விரிப்பைப்போல் வெளுத்திருந்தது. அவளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் தாளைச் சட்டைப் பையில் வைத்து, காரில் ஏறி, பள்ளிக்கூடம் இருக்கும் பக்கமாக விரட்டினார்.